லிஸ்பன் நகரை மீண்டெழுப்பிய பொம்பால் பிரபு

நகரங்களை வென்றவர்களையும் எரித்தவர்களையும் பற்றிச் சரித்திர நூல்கள் விரிவாகக் கூறுகின்றன. அழிந்த நகரொன்றை மீண்டும் எழுப்பி, வீடிழந்த மக்களுக்கு வீடு அமைத்துத் தந்தவர்களைப் பற்றியோ அவை சுருங்கவே பேசுகின்றன. பதினெட்டாம் நூற்றாண்டில் போர்த்துக்கல் நாட்டின் முதன் மந்திரியாக விளங்கிய பொம்பால் பிரபு இவ்விரண்டாம் வகையினர். அவரைக் கொடுங்கோலர் என்று தூற்றுவோர் உளர். நாட்டைப் புதுப்பித்த தந்தை என்று போற்றுவோரும் உளர். இரு திறத்தாரும் மறுக்கவொண்ணாத செயல் ஒன்று உண்டு. பூகம்பத்தால் பாழான லிஸ்பன் நகரை, இனியொரு பூகம்பம் வரினும் தாங்கி நிற்குமாறு அவர் கட்டுவித்ததே அச்செயலாம். புயலும் வெள்ளமும் நிலநடுக்கமும் வந்து போனபின் இடிந்த வீட்டை எவ்வாறு கட்டுவது என்னும் வினா எந்நாட்டார்க்கும் எக்காலத்தும் உரியது. ஆதலின் அவர் வாழ்க்கையை, அச்செயலை நடுவாக வைத்து, ஈண்டு எடுத்துரைக்கப் புகுகின்றோம்.

பிறப்பும் இளமையும்

செபஸ்தியான் ஜோஸே டெ கார்வாலோ எ மெலோ என்பது அவரது இயற்பெயர். 1699-ம் ஆண்டு மே மாதம் 13-ந் தேதி லிஸ்பன் நகரில் பிறந்தார். தந்தையார் குதிரைப் படையில் பதவி வகித்தவர். நற்குடிப் பிறந்தவரேனும் பெருஞ்செல்வர் அல்லர். மைந்தர் கோயிம்பிரா சர்வகலாசாலையில் சிலகாலம் பயின்றார். பின்னர்ப் படையிற் சேர்ந்தார். அங்கும் நிலைத்து நில்லாது திரும்பினார். உயர்குலத்துக் கைம்பெண்ணொருத்தியை அவள் சுற்றத்தார் விருப்பத்திற்கு மாறாக மணம் புரிந்தார். முப்பத்தெட்டு வயது வரையில் அவர் செய்தனவாகச் சொல்லத்தக்க பெருஞ்செயல் யாதும் இல்லை.

1738-ம் ஆண்டில் லண்டனுக்கு அரசாங்கத் தூதராக அனுப்பப்பட்டார். அங்கே வாணிகத்தின் வழிகளையும், கப்பல் தொழிலையும், வரி விதிக்கும் முறைகளையும் கூர்ந்து நோக்கி எழுதி வைத்தார். இராயல் சொஸைட்டி என்னும் விஞ்ஞானக் கழகம் 1740-ம் ஆண்டில் அவரை அங்கத்தினராக ஏற்றுக்கொண்டது. 1666-ம் ஆண்டின் பெருந்தீயில் எரிந்து, செங்கல்லாலும் கல்லாலும் திரும்பக் கட்டப்பெற்ற லண்டன் நகரில் அவர் ஐந்தாண்டளவு வாழ்ந்தார் என்பதை நாம் நினைவில் கொள்ளல் வேண்டும். பின்னர் வியன்னா நகரில் தூதராயிருந்தார். முதல் மனைவியார் இறந்தமையால் அங்கே ஆஸ்திரிய நாட்டுப் பெருங்குடிப் பெண்ணொருத்தியை மணந்தார்.

1750-ம் ஆண்டில் ஐந்தாம் ஜான் மன்னர் காலமாகி, அவர் மைந்தர் முதலாம் ஜோஸே பட்டத்திற்கு வந்தார். புதிய மன்னர் வேட்டையிலும் இசையிலும் விருப்பமுடையவர். அரசாட்சியின் பளுவைச் சுமக்க விரும்பாதவர். அவர் நம்மவரை அழைத்து அயல்நாட்டு இலாகாவையும் போர் இலாகாவையும் ஒப்புவித்தார். ஐந்தாண்டுகளாக மந்திரிகள் மூவருள் ஒருவராயிருந்த அவரை, ஒரே நாளின் நிகழ்ச்சி நாட்டின் தனித் தலைவராக்கியது.

நகரின் அழிவு

1755-ம் ஆண்டு நவம்பர் மாதம் முதல் தேதி சனிக்கிழமை. அன்று சகல பரிசுத்தவான்கள் திருநாள். கோயில்களெல்லாம் மக்கள் நிறைந்து, பீடங்களில் மெழுகுதிரிகள் எரிந்து கொண்டிருந்தன. காலை ஒன்பதரை மணிக்கு மேல் நிலம் அதிர்ந்தது. சில நிமிடங்களில் கோயில்களும் மாளிகைகளும் குடிசைகளும் ஒருங்கே சரிந்தன. உயிர் தப்பினோர் பலர், விழுவதற்குக் கட்டிடம் இல்லாத ஆற்றங்கரையை நாடி ஓடினர். ஒரு மணி நேரத்திற்குள் கடல் பொங்கித் தேஜோ ஆற்றின் வழியாக ஏறி வந்து, கரையில் நின்றோரை வாரிச் சென்றது. விழுந்த திரிகளாலும் அடுப்புகளாலும் மூண்ட நெருப்பு ஐந்தாறு நாட்கள் நின்றெரிந்தது. எழுபதினாயிரம் நூல்கள் கொண்டதாகச் சொல்லப்படும் அரசர் புத்தகசாலையும், கட்டி முடிந்து ஏழு மாதமே ஆகியிருந்த சங்கீத நாடகசாலையும் அழிந்தன. இறந்தோர் தொகையை ஆராய்ச்சியாளர் பலவாறு கணிப்பர். பதினாயிரக் கணக்கில் என்பதில் ஐயமில்லை. அப்பூகம்பத்தின் வலிமையை இக்கால விஞ்ஞானிகள் 8.5 முதல் 9 வரை மதிப்பிடுகின்றனர்.

அரச குடும்பத்தினர் நகருக்குப் புறத்தேயுள்ள பெலெம் என்னுமிடத்தில் இருந்தமையால் பிழைத்தனர். ஆயினும் மன்னர் உள்ளம் கலங்கிப் போயிற்று. கல் வீட்டிற்குள் உறங்க அவர் அதன்பின் உடன்பட்டிலர். அஜூடா என்னும் மேட்டில் மரத்தால் விசாலமான மனையொன்று கட்டுவித்து, 1777-ம் ஆண்டில் இறக்குமளவும் அரசவையை அங்கேயே நடத்தினார்.

முதல் நாட்களின் ஏற்பாடு

மன்னர் கலங்கிய வேளையில் மந்திரி கலங்கவில்லை. அப்போது அவருக்கு வயது ஐம்பத்தாறு. இறந்தோரை அடக்குவதும் இருப்போர்க்கு உணவளிப்பதுமே முதற் கடமைகள் எனத் துணிந்தார். கொள்ளை நோய் பரவாதிருக்கும் பொருட்டு, திருச்சபைத் தலைவரின் இசைவு பெற்று, பிணங்களைப் படகுகளில் ஏற்றிக் கடலில் ஆழ்த்தச் செய்தார். தானியங்களின் விலை பூகம்பத்திற்கு முன்னிருந்த அளவிற்கு மேல் ஏறலாகாது என்று ஆணையிட்டார். கொள்ளையிடுவோர் கண்ணிற்படுமாறு உயரமான இடங்களில் தூக்குமரங்கள் நாட்டப்பட்டன. முப்பதுக்கு மேற்பட்டோர் அவற்றில் உயிரிழந்தனர். உடல் வலிமையுள்ளோர் நகரை விட்டு ஓடாதவாறு வழிகளிற் காவல் வைத்து, அவர்களை இடிபாடு நீக்கும் வேலையில் ஈடுபடுத்தினார். பிரிட்டிஷ் பார்லிமெண்டு ஓரிலட்சம் பவுன் பெறுமான உதவியை நாணயமாகவும், உணவாகவும், கருவிகளாகவும் அனுப்பியது.

இவையெல்லாம் அவசர காலத்தில் உறுதியான ஆட்சியாளர் எவரும் செய்யக்கூடியவையே. நாம் சிறப்பாகக் கருத வேண்டுவது இனி வருவது. கூரையிழந்த மக்கள், சாம்பல் ஆறுமுன்னே தத்தம் பழைய மனையில் பழைய கற்களை அடுக்கிச் சுவரெழுப்பத் தலைப்பட்டனர். அஃது இயல்பே. மந்திரியோ, நிலம் அளக்கப்பட்டு, நகருக்கு ஒரு திட்டம் வகுக்கப்படும் வரையில் எவரும் நிலையான கட்டிடம் எழுப்பலாகாது என்று தடுத்துவிட்டார். அதுவரையில் மக்கள் கூடாரங்களிலும் மரக் கொட்டகைகளிலும் தங்கினர். வீடு வேண்டி நிற்பவனை நோக்கி, இப்போது கட்டாதே என்று சொல்வது கொடுமையாகத் தோன்றும். ஆயினும் அன்று விட்டிருந்தால், மக்களைக் கொன்ற அதே குறுகிய சந்துகளும் அதே கனத்த சுவர்களும் மீண்டும் தோன்றியிருக்கும்.

கட்டாதே என்று தடுத்தவர், தங்குவதற்கு இடமில்லாதோரைக் கைவிட்டிலர். எஞ்சி நின்ற வீடுகளுக்கும் மனைகளுக்கும் பன்மடங்கு வாடகை கேட்க உடையோர் முற்பட்டபோது, பழைய வாடகைக்கு மேல் வாங்கலாகாது என்று அவ்வாண்டு முடியுமுன்னரே விதித்தார். ஊர் அழிந்தபின் முதலில் ஏறுவது வாடகை என்பதை அவர் அறிந்திருந்தார்.

ஆராய்ச்சியும் திட்டமும்

1756-ம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் நாட்டிலுள்ள பங்குக் குருமார் அனைவர்க்கும் வினாத்தாள் அனுப்பினார். நடுக்கம் எவ்வளவு நேரம் நீடித்தது, எத்திசையில் மிகுதியாக இருந்தது, கடல் முதலிற் பொங்கியதோ வற்றியதோ, எத்தனை பேர் இறந்தனர், நிலத்தில் வெடிப்புக்கள் தோன்றினவோ என்பன போன்ற வினாக்கள் அதில் இருந்தன. வந்த விடைகளிற் பல லிஸ்பன் ஆவணசாலையில் இன்றும் உள்ளன. பூகம்ப ஆராய்ச்சி என்னும் துறைக்கு அவ்வினாத்தாள் ஒரு தொடக்கமாகும். அதே ஆண்டில் வால்தேர் அப்பூகம்பத்தைப் பற்றிச் செய்யுள் வெளியிட்டார். காண்ட் கட்டுரைகள் எழுதினார். மந்திரியோ, நடந்தது யாது என்று ஊர்தோறும் கேட்டறிந்தார்.

நாட்டின் தலைமை எஞ்சினீயர் மானுவேல் டா மாயா அப்போது எண்பதை நெருங்கிய முதியவர். அவர் சில மாதங்களுக்குள் அறிக்கை எழுதி ஐந்து வழிகளை முன்வைத்தார். முன்பிருந்தவாறே கட்டுதல் ஒன்று. தெருக்களை மட்டும் அகலப்படுத்திக் கட்டுதல் மற்றொன்று. அத்துடன் வீடுகளின் உயரத்தையும் குறைத்தல் மூன்றாவது. தாழ்ந்த நகர்ப்பகுதி முழுவதையும் தரைமட்டமாக்கிப் புதிய தெருக்களை வகுத்தல் நான்காவது. பழைய இடத்தை விட்டுப் பெலெம் பக்கத்திற்குப் பெயர்தல் ஐந்தாவது. ஒவ்வொன்றின் நன்மை தீமைகளையும் அம்முதியவர் ஒளிக்காது எடுத்துக் காட்டினார். மந்திரி நான்காவதைத் தேர்ந்துகொண்டார். எயூஜேனியோ டோஸ் சாண்டோஸ், ஹங்கேரி நாட்டிற் பிறந்த கார்லோஸ் மார்டெல் என்னும் இருவர் திட்டத்தை உருவாக்கினர்.

இடிந்த கற்களும் மண்ணும் அப்புறப்படுத்த வேண்டிய குப்பையாகக் கருதப்படவில்லை. அவற்றைப் பரப்பித் தாழ்ந்த நிலத்தை உயர்த்தினர். எஞ்சியவை சுவர்களுக்குள் நிரப்பும் பொருளாயின. சந்துகள் இருந்தவிடத்தில் நாற்பதடிக்கு மேற்பட்ட அகலமுள்ள நேரிய தெருக்கள் அமைந்தன. தெருவின் அடியில் கழிநீர் செல்லும் வாய்க்கால் ஓடியது. பொற்கொல்லர், வெள்ளி வேலை செய்வோர், துணி வணிகர் ஆகியோருக்குத் தனித்தனித் தெருக்கள் ஒதுக்கப்பட்டன. ஆற்றங்கரையில் அரண்மனை நின்ற முற்றம் வாணிகச் சதுக்கம் என்று பெயர் பெற்றது.

1758-ம் ஆண்டு மே மாதத்தில் வெளியான சட்டம் நில உரிமைகளை ஒழுங்குபடுத்தியது. பழைய மனையின் பரப்பும் மதிப்பும் கணக்கிடப்பட்டு, உரியவருக்குப் புதிய திட்டத்தில் இடம் அளிக்கப்பட்டது. ஐந்தாண்டுக்குள் அவர் கட்டல் வேண்டும். இயலாதாயின் கட்டக்கூடியவர்க்கு விட்டுவிடல் வேண்டும். பொதுச் செலவிற்கு வணிகர் கூட்டத்தார் இறக்குமதிப் பொருள்மீது நூற்றுக்கு 4 வீதம் வரி செலுத்த இசைந்தனர்.

கூட்டுச் சட்டத்தின் சிறப்பு

வீட்டின் அமைப்பைச் சிறிது விரித்துரைத்தல் தகும். தாழ்ந்த நகர்ப்பகுதி ஆற்று வண்டலும் நீரும் கலந்த நிலம். ஆதலின் பசும் பைன் மரக் கழிகளை நெருங்க அடித்து இறக்கி, அவற்றின்மீது அடித்தளம் இட்டனர். நீருக்குள் மூழ்கியிருக்கும் மரம் எளிதில் மக்காது என்பது அவர்தம் அனுபவம். தரைத்தளம் கல் தூண்களாலும் வளைவுகளாலும் ஆயது. அதற்கு மேலே சுவருக்குள் மறைந்து நிற்கும் மரச்சட்டம் ஒன்று எழும். நிற்கும் கால்களும், குறுக்கு விட்டங்களும், மூலைக்கு மூலை பெருக்கல் குறியைப் போலச் செல்லும் சாய்மரங்களும் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டு, முழுவீடும் ஒரு பறவைக் கூண்டு போல் ஆகும். போர்த்துக்கீசிய மொழியில் அதற்குக் கூண்டு என்றே பெயர் வழங்கிற்று. இடைவெளிகளில் இடிபாட்டுக் கல்லும் சுண்ணச் சாந்தும் நிரப்பிப் பூசிவிட்டால் மரம் கண்ணுக்குப் புலனாகாது.

கனத்த கற்சுவர் நிலம் ஆடும்போது உடன் ஆடமாட்டாது; ஆகவே உடைந்து விழும். மரக்கூண்டோ வளைந்து கொடுக்கும். அதிர்ச்சியின் வேகத்தைப் பல மூட்டுகளுக்கும் பகிர்ந்தளிக்கும். வெளிச்சுவர் விழினும் தளங்களும் கூரையும் வாழ்வோர் தலைமேல் விழாவண்ணம் தாங்கும். இக்கூண்டின் மாதிரியொன்றைச் செய்து வைத்து, அதைச் சுற்றிப் போர்வீரர்களை ஓங்கி நடக்கச் செய்து அதிர்ச்சியைச் சோதித்தனர் என்று ஒரு மரபு வழங்குகின்றது. தீ ஒரு வீட்டிலிருந்து மறுவீட்டிற்குத் தாவாதிருக்க, இடைச்சுவர்களைக் கூரைக்கு மேலும் உயர்த்திக் கட்டினர். இக்கூண்டு யாரோ ஒருவர் தனியே கண்ட புதுமை அன்று. மரச்சட்ட வீடு கட்டுவதும் கப்பல் கட்டுவதும் அறிந்த தச்சர்களின் பழைய அறிவு, எஞ்சினீயர்களின் கணக்கோடு சேர்ந்து பெற்ற உருவமே அது. அதை ஒரு நகர் முழுமைக்கும் உரிய முறையாக்கியதே மந்திரியின் செயல்.

விரைவும் சிக்கனமும் கருதி எல்லாம் ஒரே அளவாயின. சன்னல்கள், கதவுகள், நிலைகள், படிகள், இரும்புக் கம்பிகள், ஓடுகள் ஆகியவை வேறிடங்களில் ஒரே மாதிரியாகச் செய்யப்பட்டுக் கட்டுமிடத்திற்கு வந்தன. பிரபுவின் வீட்டிற்கும் வணிகனின் வீட்டிற்கும் முகப்பில் வேற்றுமை இல்லை. ஒரே அளவில் செய்யும் பொருளுக்குக் கூலி குறைவு. கூலி குறையவே வீட்டின் விலையும் குறைந்தது. அலங்காரம் இல்லையே என்று அக்காலத்து ரசிகர் சிலர் குறை கூறினர். அலங்காரத்திற்காகும் பொருளே உறுதிக்கு ஆயிற்று என்பது நமது கருத்து.

குறைகள்

இத்துணையும் கூறிய நாம் மறுபக்கத்தையும் மறைத்தல் ஆகாது. திட்டம் சிறந்ததாயினும் கட்டிடம் மெல்லவே எழுந்தது. தாழ்ந்த நகர்ப்பகுதி முற்றும் நிறைவுறப் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரையில் ஆயிற்று. ஐந்தாண்டுக்குள் கட்டவேண்டும் என்ற சட்டம் பணமுள்ள வணிகர்க்கே வாய்ப்பளித்தது. பழைய சந்துகளில் குடியிருந்த ஏழைகள் பலர் புதிய தெருக்களுக்குத் திரும்பவில்லை. சிலர் மேல்தளத்துச் சிற்றறைகளில் ஒண்டினர். பலர் குன்றுப் புறங்களிலும் கொட்டகைகளிலும் ஆண்டுக் கணக்கில் வாழ்ந்தனர். வீடு மலிவாகக் கட்டப்பெறுவது ஒன்று. அது ஏழைக்குக் கிடைப்பது வேறொன்று. முன்னதில் பிரபு வென்றார். பின்னதில் முழு வெற்றி காணவில்லை.

அவர்தம் கொடுமையும் கூறத்தக்கதே. கபிரியேல் மலகிரீடா என்னும் இயேசு சபைக் குரு 1756-ம் ஆண்டில் சிறு நூலொன்று வெளியிட்டார். பூகம்பம் இயற்கையின் நிகழ்ச்சி அன்று, பாவத்தின் தண்டனையே என்றும், மக்கள் கொட்டகை கட்டுவதில் காலம் போக்காமல் தவம் புரிதல் வேண்டும் என்றும் அவர் வற்புறுத்தினார். கட்டும் கைகளை இப்போதனை தளர்த்தும் என்று மந்திரி அஞ்சினார். அவரை நகரினின்றும் அகற்றுவித்தார். அவ்வளவோடு நின்றிருந்தால் நாம் குறை கூறுதற்கு இடமிராது. 1758-ம் ஆண்டில் மன்னரைக் கொல்ல நடந்த முயற்சியைக் காரணமாகக் கொண்டு, தாவோரா என்னும் பிரபு குடும்பத்தினரை 1759-ம் ஆண்டு ஜனவரியில் மக்கள் முன்னிலையில் கோரமாகக் கொல்வித்தார். அவ்வாண்டிலேயே இயேசு சபையினரைப் போர்த்துக்கீசிய ஆட்சிப் பகுதிகள் அனைத்தினின்றும் துரத்தினார். முதியவரான மலகிரீடா 1761-ம் ஆண்டில் கழுத்து நெரிக்கப்பட்டு எரிக்கப்பட்டார். நம் தென்னாட்டு மதுரை மிஷனும் போர்த்துக்கீசியர் ஆதரவைச் சார்ந்தே வளர்ந்தது ஆகலின், அவ்வடியின் வேதனை இங்கும் உணரப்பட்டது. வீரமாமுனிவர் உழைத்த அம்மிஷன் நலிவுற்றதற்கு அஃதும் ஒரு காரணம். வீட்டைக் காக்க அறிந்த கை, மனிதரை அழிக்கவும் தயங்கவில்லை.

வீழ்ச்சியும் இறுதியும்

மன்னர் அவரை 1759-ம் ஆண்டில் ஓயராஸ் பிரபு என்றும், பின்னர்ப் பொம்பால் மார்க்குவிஸ் என்றும் உயர்த்தினார். 1775-ம் ஆண்டு ஜூன் மாதத்தில் வாணிகச் சதுக்கத்தில் குதிரைமீது அமர்ந்த மன்னரின் வெண்கலச் சிலை திறக்கப்பட்டது. அதன் பீடத்தில் மந்திரியின் உருவமும் வட்டத் தகட்டிற் பொறிக்கப்பெற்றிருந்தது. ஈராண்டிற்குள் மன்னர் இறந்தார். அரசு கட்டிலேறிய மகள் மரியா, மந்திரியைப் பதவியினின்றும் நீக்கினார். சிறைகள் திறந்தன, பல்லாண்டு இருளிற் கிடந்தோர் வெளிவந்தனர். பீடத்து உருவத்தைப் பெயர்த்தெடுத்தனர். அவர்மீது விசாரணையும் நடந்தது. முதுமை கருதி அவரைச் சிறையிலிடாது, அரசவை இருக்குமிடத்திற்கு இருபது காதத்திற்குள் வரலாகாது என்று விதித்தனர். 1782-ம் ஆண்டு மே மாதம் 8-ந் தேதி பொம்பால் ஊரில், தம் எண்பத்திரண்டாம் வயதில் அவர் உயிர் நீத்தார். பெயர்த்தெடுத்த உருவம் 1833-ம் ஆண்டில் மீண்டும் பீடத்தில் பதிக்கப்பட்டது.

அவர் எழுப்பிய வீடுகளின் வரலாறு அவரோடு முடியவில்லை. 1783-ம் ஆண்டில் இத்தாலியின் தெற்கே கலாபிரியாப் பகுதி பூகம்பத்தால் அழிந்தபோது, அங்குள்ள அரசினரும் மரச்சட்டம் பொதிந்த வீடுகளையே விதித்தனர். 1969-ம் ஆண்டு பிப்ரவரியில் போர்த்துக்கல்லை வலிய பூகம்பம் ஒன்று தாக்கியது. லிஸ்பனின் கூண்டு வீடுகள் நிலைத்து நின்றன. அவற்றிற்கு இக்காலத்து வந்த பகை வேறு. கடையை அகலமாக்கவும் அறையைப் பெரிதாக்கவும் விரும்பி உட்சுவர்களை அறுத்தெறிந்தோர் பலர். அச்சுவருக்குள் மறைந்துள்ள சாய்மரங்களே தம்மைக் காப்பவை என்பதை அவர்கள் மறந்தனர். நிலத்தடி நீரை வற்றச் செய்தால் அடித்தளத்து மரக் கழிகளும் கெடும். இவ்வபாயங்களை எஞ்சினீயர்கள் எடுத்துக் கூறி வருகின்றனர்.

இவ்வரலாற்றினின்றும் நம் மாணவர் கொள்ளத்தக்கவை யாவை? இடிந்ததை இடிந்தவாறே திரும்பக் கட்டலாகாது. இடிந்தமைக்குக் காரணம் கேட்டறிந்தே கட்டல் வேண்டும். அருகில் கிடைக்கும் பொருளையும், ஊர்த் தச்சனும் கொத்தனும் அறிந்த தொழிலையும் பயன்படுத்துதல் வேண்டும். அழகினும் உறுதியும், ஒருவர் பெருமையினும் பலர் நலமும் முற்படுதல் வேண்டும். வாடகைக்குக் குடியிருப்பவனையும் மனையில்லாதவனையும் திட்டம் வகுக்கும் நாளிலேயே நினைத்தல் வேண்டும். பின்னர் நினைப்பது பயன்படாது. இவற்றுள் முதல் மூன்றையும் பொம்பால் பிரபு செய்து காட்டினார். நான்காவதை வாடகை ஆணையோடு தொடங்கி, முடிக்காமல் விட்டார். அவர் தொடங்கியதை முடிக்கும் பணி, பின்வரும் ஒவ்வொரு தலைமுறையினர்க்கும் உரியதாக நிற்கின்றது. நம் கலாசாலையினின்றும் எஞ்சினீயர்களாகவும் அதிகாரிகளாகவும் வெளிச்செல்லும் இளைஞர், அவரது கொடுமையை வெறுத்து அவரது அறிவைக் கைக்கொள்வாராக.